வரப்பு இல்லாத வயல்கள்: லாக்ஸ்டன் நாட்குறிப்பு

செவ்வாய்க்கிழமை

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் வடக்கே போகும் ரயிலில் ஏறினால், ஒன்றரை மணி நேரத்துக்குள் நியூவார்க் வந்துவிடுகிறது. அங்கிருந்து லாக்ஸ்டன் கிராமத்துக்குக் காரில் அரை மணி நேரம். நாட்டிங்காமில் வேலை பார்க்கும் என் மகள் காருடன் வந்து காத்திருந்தாள்.

"அப்பா, வருகிறவர்கள் எல்லாரும் அரண்மனையும் பாலமும் பார்க்கக் கேட்பார்கள். நீங்கள் நவம்பர் குளிரில் சேற்று வயலைப் பார்க்க வேண்டும் என்கிறீர்களே" என்றாள்.

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தஞ்சாவூர் வட்டாரத்தில் சங்கிலியும் கொடிக்கம்புமாக வரப்பு வரப்பாக நடந்தே காலம் போனது. மூன்று பெரிய வயல்கள், அவற்றுக்குள் பலருடைய நிலங்கள், நடுவில் ஒரு வரப்போ வேலியோ கிடையாது, வாய்க்கால் தகராறும் கிடையாது. இப்படி ஒரு ஊர் இங்கிலாந்தில் இன்னமும் விவசாயம் செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த நாள் முதல் இங்கே வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகளிடம் அதைத்தான் சொன்னேன். அவளும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

ஏ1 நெடுஞ்சாலையை விட்டு டக்ஸ்ஃபோர்ட் பக்கம் திரும்பிச் சில மைல் போனதும் ஊர் வந்துவிட்டது. லாரிகள் விரையும் பெருஞ்சாலை அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. காலையில் நியூவார்க்குக்கும் நாட்டிங்காமுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே பலர் குடியிருக்கிறார்கள். முழுக் கிராமம் என்றும் சொல்ல முடியாது, நகரத்தின் ஓரம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தெருவில் இறங்கி நடந்தவுடன் ஒன்று கண்ணில் பட்டது. பண்ணை வீடுகள் எல்லாம் ஊருக்குள்ளேயே, தெருவை ஒட்டியே நிற்கின்றன. செங்கல் சுவர், சிவப்பு ஓடு. பல வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாமல் பக்கச் சுவரைக் காட்டி நிற்கின்றன. பக்கத்தில் முற்றம், அதன் பின்னால் தானியக் களஞ்சியம், அதற்கும் பின்னால் நீண்ட கொல்லை.

வழியில் பார்த்த மற்ற ஊர்களில் இப்படி இல்லை. அங்கே பண்ணை வீடுகள் தனித்தனியாக வயல்களின் நடுவே நிற்கின்றன, சுற்றிலும் வேலிப்புதர். அந்தக் காட்சியைத்தான் நாம் இங்கிலாந்தின் கிராமம் என்று படங்களில் பார்த்துப் பழகியிருக்கிறோம். அது பழைய காட்சி அல்ல. 1604 முதல் 1914 வரை, பொது வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் பிரித்துத் தனியார் நிலமாக்க இங்கிலாந்து நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர், அதாவது நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு நிலம், அப்படி அடைக்கப்பட்டது. நிலம் ஓரிடத்தில் திரண்டதும் பெரிய விவசாயிகள் ஊரைவிட்டுத் தங்கள் நிலத்தின் நடுவே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். ஆடு மாடு மேய்க்கப் பொதுநிலத்தை நம்பியிருந்த ஏழைகள் கூலிகளானார்கள், அல்லது ஆலைகளைத் தேடிப் போனார்கள். லாக்ஸ்டனில் அந்த வேலை முழுதாக நடந்து முடியவில்லை. அதனால் விவசாயி தெருவிலேயே இருக்கிறார், டிராக்டர் தெரு வழியாகவே வயலுக்குப் போகிறது.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பக்கத்து ஊரில் தங்கும் அறை.

புதன்கிழமை

ஊரின் நடுவே டவ்கோட் இன் என்ற மதுக்கடையும் உணவகமும் சேர்ந்த பழைய விடுதி இருக்கிறது. பார்வையாளர்களுக்காக இந்த முறையை விளக்கும் சிறிய காட்சியகம் ஒன்றும் ஊரில் உண்டு. அங்கே சுவரில் இருந்த வரைபடத்தின் முன் நான் நின்ற நேரத்தில் மகள் இரண்டு முறை வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

அது 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவர் வரைந்த வரைபடத்தின் நகல். மூலம் தோலில் வரையப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. ஊரின் ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு பாதையும், திறந்த வயல்களில் கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டை நிலங்களும் அதில் உண்டு. வயல்களுக்குள் சின்னச் சின்ன மனிதர்கள்: ஏர் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், ஓரத்தில் வேட்டைக்காரர்கள் போகிறார்கள். வரைபடத்தோடு ஒரு பதிவேடும் எழுதப்பட்டது. எந்தப் பட்டை யாருடையது, எத்தனை ஏக்கர், எத்தனை ரூட், எத்தனை பெர்ச் என்று வரிசையாக. நாலு ரூட் ஒரு ஏக்கர். நூற்று அறுபது பெர்ச் ஒரு ஏக்கர். புலப்படமும் பதிவேடும் சேர்ந்தால்தான் நில அளவை முழுமையாகும் என்று எனக்கு முதல் நாள் வேலையில் சொல்லிக்கொடுத்தார்கள். பியர்ஸ் அதை ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார். அவருடைய கோடுகளின் நிதானத்தைப் பார்த்தேன். ஒரு பட்டை நேராகப் போகாமல் லேசாக வளைந்து, மறுமுனையில் எதிர்ப்பக்கம் வளைகிறது. கனத்த கலப்பையில் பல ஜோடி எருதுகளைப் பூட்டி உழும்போது, தலைமாட்டில் திரும்புவதற்காகக் கொஞ்சம் முன்பிருந்தே ஒதுங்கிக்கொண்டு வர வேண்டும். பல நூற்றாண்டுகள் அப்படி உழுததில் நிலமே வளைந்துவிட்டது. பியர்ஸ் அதை நேராக்கி அழகு பார்க்கவில்லை. வளைந்ததை வளைந்தபடியே வரைந்திருக்கிறார். அளவருக்கு இருக்க வேண்டிய முதல் நேர்மை அது.

இன்னொன்றும் மனதில் ஓடியது. பட்டை நிலத்தின் பழைய கணக்கு 220 கெஜம் நீளம், 22 கெஜம் அகலம். அதுதான் ஒரு ஏக்கர். 1620-இல் லண்டனில் எட்மண்ட் கன்ட்டர் என்ற வானியல் பேராசிரியர் 66 அடிச் சங்கிலியை, அதாவது 22 கெஜச் சங்கிலியை, நூறு கண்ணிகளாகப் பிரித்து வகுத்தார். அகலத்துக்கு ஒரு சங்கிலி, நீளத்துக்குப் பத்துச் சங்கிலி என்று ஏக்கர் கைக்குள் அடங்கிவிட்டது. அதே சங்கிலிதான் கப்பலேறி நம் ஊர் வயல்களுக்கும் வந்தது. நம் பழைய புலப்படங்களில் லிங்க்ஸ் என்று போட்டிருக்கும் எண்களெல்லாம் அந்தக் கண்ணிகள்தான். நான் இளவயதில் தோளில் சுமந்த இரும்புக் கண்ணிகளின் அளவு, இப்படிப்பட்ட ஒரு வயலில் எருது உழுத அகலத்திலிருந்து வந்தது.

வரைபடத்தை எழுதச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டீன் என்ற லண்டன் பெருவணிகர். அப்போது இந்த ஊருக்கு அவர்தான் நிலப்பிரபு. வரைபடம் முடிந்த அதே 1635-இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கீழைநாடுகளில் வாணிபம் செய்யும் அனுமதியை முதலாம் சார்லஸ் மன்னர் கோர்ட்டீனின் குழுவுக்குக் கொடுத்தார். 1636-இல் ஜான் வெடெல் என்ற மாலுமியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. கோவா, அதற்குத் தெற்கே கன்னடக் கரையில் பட்கல், பிறகு சீனாவின் கான்டன் வரை போயின. அவை போய்ச் சேருவதற்குள் கோர்ட்டீன் இறந்துவிட்டார். கொஞ்ச காலத்தில் லாக்ஸ்டன் கைமாறி, பியர்பான்ட் குடும்பத்துக்குப் போயிற்று. பட்கலில் மிளகுக்கு விலை பேசியவர்களுக்குப் பணம் போட்டவர், இங்கே ஒரு பெர்ச் நிலம்கூட விடாமல் கணக்கு எழுதச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே மனதின் வேலை என்றே எனக்குப் படுகிறது.

பிற்பகலில் ஊருக்கு வடக்கே இருக்கும் கோட்டை மேட்டுக்குப் போனோம். கல் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. புல் மூடிய மண் மேடும், அதைச் சுற்றிய அகழியின் பள்ளங்களும்தான். பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த நார்மானியர் காலத்தில் எழுப்பியது. இங்கிருந்த தெ கோ குடும்பமும், அதன்பின் எவரிங்காம் குடும்பமும் ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவலர்கள். ராபின் ஹூட் கதையில் காட்டுச் சட்டத்தை மீறியவர்களைப் பிடிக்க வருகிறார்களே, அந்தச் சட்டத்தைக் காக்கும் பொறுப்பு இந்த மேட்டில் குடியிருந்தவர்களுக்கு இருந்தது. 1086-இல் முதலாம் வில்லியம் எடுத்த நாடு தழுவிய நிலக் கணக்கிலும் இந்த ஊர் இருக்கிறது. மேட்டின் உச்சியில் காற்று காதை அறுத்தது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் பியர்ஸின் வரைபடத்தைப் போலவே கிடக்கிறது: ஒரே தெரு, தேவாலயக் கோபுரம், வீடுகளின் பின்னே நீண்ட கொல்லைகள்.

வியாழக்கிழமை

இந்த நாளுக்காகத்தான் நவம்பர் கடைசியில் வந்தேன். இன்று ஜூரி நாள்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். ஊரைச் சுற்றி மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய திறந்த வயல்கள். மூன்றும் சேர்ந்து இன்று சுமார் 480 ஏக்கர். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை. இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லியோ பயறு வகையோ. மூன்றாவது தரிசு, அல்லது தீவனப் புல். அடுத்த ஆண்டு ஒவ்வொன்றும் ஒரு படி நகரும். ஒவ்வொரு பண்ணைக்கும் மூன்று வயல்களிலும் பட்டைகள் உண்டு, அவையும் சிதறிக் கிடக்கும். அதனால் நல்ல மண்ணும் ஒருவருக்கே போகாது, நீர் தேங்கும் பள்ளமும் ஒருவருக்கே வராது. தன் பட்டையில் தனக்குத் தோன்றியதை விதைக்கவும் முடியாது. வயல் முழுவதும் ஊரின் முறைப்படிதான் நடக்கும். பழைய இரண்டாயிரம் பட்டைகள் இப்போது இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரின் நிலவுடைமையாளரான அப்போதைய மான்வர்ஸ் பிரபு சிறு பட்டைகளை இணைத்துப் பெரிதாக்கினார். இன்று இருநூறுக்கும் குறைவு. ஆனாலும் வரப்பு இல்லை, வேலி இல்லை. பக்கத்துப் பட்டைக்கும் உன் பட்டைக்கும் நடுவே ஓர் உழவுச்சால்தான் எல்லை.

சால் எவ்வளவு எளிதாக நகரும் என்பது நிலத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு கை அகலம் உள்ளே தள்ளி உழுதால் பத்து வருஷத்தில் பட்டையின் அகலமே மாறிவிடும். அதைப் பார்க்கத்தான் ஜூரி, அதாவது ஊர் விவசாயிகளிலிருந்தே உறுதிமொழி எடுத்துக்கொண்ட குழு.

காலையில் டவ்கோட் இன் வாசலில் கூடினார்கள். தலைவரோடு சேர்த்து ஒரு டஜன் பேருக்கு மேல். எல்லாரும் வயலில் வேலை செய்கிறவர்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கம்பளித் தொப்பி. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரும், அவருடைய பேரன் வயதில் ஒரு பையனும் அருகருகே நின்றார்கள். நாங்கள் பின்னால் வரலாமா என்று கேட்டேன். "நடக்க முடிந்தால் வாருங்கள், சேறு யாரையும் விடாது" என்றார் பெரியவர். நான் நில அளவர் என்று மகள் சொல்லிவிட்டாள். அதன்பின் அவர் என் பக்கத்திலேயே நடந்தார்.

டிராக்டர் இழுத்த வண்டியில் ஏறி மேற்கு வயலுக்குப் போனார்கள். இந்த ஆண்டு கோதுமை அங்கே. விதைத்து வாரங்கள் ஆகிவிட்டன. சிவந்த களிமண்ணில் விரல் உயரத்துக்குப் பச்சை வரிசைகள். அந்த மண் பூட்ஸில் ஒட்டினால் இரண்டு கால்களிலும் செங்கல் கட்டியது போலாகிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே வெளி. ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் பச்சையின் திசையும் அடர்த்தியும் பட்டைக்குப் பட்டை மாறுவது தெரிகிறது. ஒருவர் நெருக்கி விதைத்திருக்கிறார், ஒருவர் சற்று முன்னதாகவே விதைத்துவிட்டிருக்கிறார். பெரியவர் ஒவ்வொரு பட்டையையும் கைநீட்டி, இது இன்னாருடையது, இது இன்னாருடையது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

வேலை இப்படி நடந்தது. இரண்டு பட்டைகளின் நடுவே தலைமாட்டில் போய் நின்றார்கள். ஒருவர் பழைய சால் எங்கே என்று குனிந்து பார்த்தார். மறுமுனைக்கு இன்னொருவர் நடந்துபோய்க் கையைத் தூக்கினார். நடுவில் நின்றவர்கள் கண்ணால் கோடு பிடித்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. கொடிக்கம்பு இரண்டு இருந்தால் நொடியில் நேர்கோடு பிடித்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் அவர்கள் பிடித்த கோடு சரியாகத்தான் இருந்தது. பிறகு கூர் சீவிய மரமுளையை வைத்துச் சம்மட்டியால் நாலு அடி. முளை இறங்கியதும் தலைவர் அதை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அடுத்த எல்லைக்கு நடை.

ஒரு முளையை நான் பிடித்துக்கொண்டேன். பெரியவர் அடித்தார். ஓக் மரம் போலிருந்தது, ஈரத்தில் கனத்தது. அடி ஒவ்வொன்றும் மணிக்கட்டில் வந்து நின்றது.

பாதி வழியில் எல்லாரும் நின்றார்கள். வயலுக்குள் போகும் மண்பாதையின் ஓரத்தில் ஒரு பட்டையின் உழவு பாதைக்குள் வந்திருந்தது. அதிகமில்லை, ஓர் அடி இருக்கும், பத்துப் பதினைந்து தப்படி நீளத்துக்கு. பட்டைக்கு உரியவர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார், அவரும் ஜூரி. அவர் குனிந்து பார்த்தார். "விதைக்கிற அன்று மாலை இருட்டிவிட்டது" என்றார். யாரும் வாதாடவில்லை, சிரிக்கவும் இல்லை. தலைவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். சரியான இடத்தில் முளை அடித்தபோது சம்மட்டியை வாங்கி அடித்தவர் அவரேதான்.

என் வேலையில் நான் பார்த்த எல்லைத் தகராறுகளில் பெரும்பாலானவை, இரண்டு பேர் பல ஆண்டுகளாக ஒன்றாக அந்த எல்லையில் வந்து நிற்காததால் முற்றியவை. நாங்கள் போய் அளக்கும்போது கல் காணாமல் போயிருக்கும். இரண்டு பக்கமும் வக்கீல் நோட்டீஸ் இருக்கும். இங்கே ஆண்டுக்கொரு முறை எல்லாரும் சேர்ந்து எல்லாருடைய நிலத்தையும் நடந்து பார்க்கிறார்கள். தவறு ஓர் அடியாக இருக்கும்போதே கண்ணில் பட்டுவிடுகிறது. பியர்ஸின் வரைபடம் எத்தனை அருமையானது என்று நேற்று எழுதினேன். இன்று நடந்ததைப் பார்த்தபின் சொல்கிறேன்: இந்த வயல்களைக் காப்பாற்றியதில் இந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு.

மதியம் திரும்பி வந்து டவ்கோட் இன்னில் சாப்பாடு. அதன்பின் அபராதத்தைப் பற்றி ஜூரி மட்டும் கூடிப் பேசும். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். பெரியவர் கைகுலுக்கி, "அடுத்த வியாழன் நீதிமன்றத்துக்கு வந்துவிடுங்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை

காலெல்லாம் வலி. மெதுவாகத் தேவாலயத்துக்குப் போனோம். தூய மிக்கேல் பெயரில் இருக்கும் இந்தத் தேவாலயம், இத்தனை சிறிய ஊருக்கு மிகப் பெரியது. 1860-இல் மான்வர்ஸ் பிரபு இதைச் சுருக்கித் திருத்திக் கட்டினார்; அதற்கு முன் இன்னும் நீளமாக இருந்ததாம்.

உள்ளே எவரிங்காம் குடும்பத்தாரின் படுத்த நிலைச் சிலைகள். 14-ஆம் நூற்றாண்டு. ஆடம் தெ எவரிங்காம் பிரபுவும் அவருடைய ஒரு மனைவியும் கல்லில் இருக்கிறார்கள். இன்னொரு மனைவி மார்ஜரி மட்டும் மரத்தில்: ஓக் மரத்தில் செதுக்கிய உருவம். நாட்டிங்காம்ஷயரில் மிஞ்சியிருக்கும் ஒரே இடைக்கால மரச்சிலை இது. மர நார் நீளவாக்கில் வெடித்திருக்கிறது. முகம் தேய்ந்து மூக்கும் வாயும் அடையாளம் மட்டும்தான். ஆனால் கூப்பிய கைகளின் கீழே ஆடையின் மடிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கல் சிலைகளைவிட அந்த மர உருவத்தின் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றோம்.

பிற்பகல் சைக் என்று இவர்கள் சொல்லும் புல்வெளிகளைப் பார்த்தேன். திறந்த வயல்களின் நடுவே நீர் ஓடும் பள்ளங்கள், செங்குத்தான சரிவுகள், ஏர் போக முடியாத ஈர நிலங்கள். அவற்றை உழக் கூடாது. அவை பொது. அங்கே விளையும் புல்லை ஆண்டுதோறும் கோடையில் ஏலம் விடுகிறார்கள். ஒருபோதும் உழவோ உரமோ படாததால் மற்ற இடங்களில் அழிந்துபோன பல காட்டுப்பூக்கள் இங்கே மிஞ்சியிருக்கின்றன. இந்தப் புல்வெளிகள் அறிவியல் முக்கியத்துவமுள்ள பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நவம்பரில் பூ ஒன்றும் இல்லை. நம் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு. ஒரு வித்தியாசம்: இங்கே உழவு அதற்குள் ஒரு முழம் நுழைந்தாலும் அது ஜூரியின் குறிப்பில் ஏறிவிடும்.

சனிக்கிழமை

ஊருக்கு வெளியே வயல்களின் நடுவே தேசியப் பேரழிப்பு நினைவு மையம் இருக்கிறது. ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்களுக்காக, ஸ்மித் குடும்பத்தினர் என்ற கிறிஸ்தவக் குடும்பம் 1995-இல் ஒரு பண்ணை வீட்டை மாற்றி நிறுவியது. யாரையாவது இழந்தவர்கள் தங்கள் பெயர்களோடு வைத்த வெள்ளை ரோஜாச் செடிகள் நிறைந்த தோட்டம் அங்கே உண்டு. கொல்லப்பட்ட குழந்தைகளுக்காகப் பார்வையாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல் வைக்கும் குவியல் ஒன்றும் உண்டு. நாங்கள் இருவரும் வைத்தோம். இதைப் பற்றி இதற்கு மேல் இன்று என்னால் எழுத முடியவில்லை.

மாலையில் நாட்டிங்காம்.

அடுத்த வியாழக்கிழமை

திரும்பவும் டவ்கோட் இன். இன்று லாக்ஸ்டன் நீதிமன்றம் கூடுகிறது.

நிலப்பிரபுவின் ஆட்சிக்காலத்தில் ஊருக்கு ஊர் இப்படி நீதிமன்றங்கள் இருந்தன. பெரும்பாலானவை பெயரளவுக்கு மட்டும் நடந்துவந்தன. 1977-இல் நீதி நிர்வாகச் சட்டம் ஏறக்குறைய எல்லாவற்றின் சட்ட அதிகாரத்தையும் எடுத்துவிட்டது. லாக்ஸ்டனுக்கு விலக்கு கொடுத்தது. காரணம் எளிது: இங்கே நீதிமன்றத்துக்கு உண்மையான வேலை இருந்தது.

மதுக்கடை அறையிலேயே மேசைகளை ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். பழைய முறைப்படி மன்றம் கூடுவதாக அறிவித்தார்கள். நிலப்பிரபுவின் சார்பில் தலைமை தாங்குபவர் ஒரு வழக்கறிஞர். பெயர்ப் பட்டியல் வாசிக்கப்பட்டது. வர வேண்டியவர் வராவிட்டால் சில பென்ஸ் அபராதம். அதை வாங்கி எழுதிக்கொண்டார்கள். பிறகு சென்ற வாரத்து ஜூரியின் அறிக்கை. மண்பாதைக்குள் ஓர் அடி உழுத விஷயம் வந்தது. சில பவுண்டு அபராதம். அவர் எழுந்து ஒப்புக்கொண்டார், சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், உட்கார்ந்தார். தொகை பெரிதல்ல. ஆனால் அறை முழுவதும் அயலார். அத்தனை பேர் முன்னிலையில் எழுந்து நிற்பதுதான் அபராதத்தின் கனம்.

கூட்டம் முடிந்தபின் பெரியவரோடு உட்கார்ந்து பேச வாய்த்தது. இத்தனை ஊர்கள் அடைபட்டுப்போனபோது இந்த ஊர் எப்படித் தப்பியது என்று கேட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பெரிய நிலவுடைமையாளர்கள் இருவர்: மான்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு. கூடவே சில சிறு உடைமையாளர்கள். யாருக்கு எந்த நிலம் என்று மாற்றிக்கொள்வதில் உடன்பாடு எட்டவில்லை, செலவும் பெரிது. வேலை பாதியில் நின்றது. பிறகு ஒரு காலத்தில், மிஞ்சியது நாட்டிலேயே அரிதானது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 1952-இல் மான்வர்ஸ் பிரபு ஊரை அரசின் வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றார், இந்த முறை காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காகவே. 1981-இல் அது அரச எஸ்டேட்டுக்கு, அதாவது மன்னர் பெயரிலுள்ள சொத்துகளை நிர்வகிக்கும் அமைப்புக்குப் போயிற்று. 2018-இல் அதை விற்கப்போவதாக அறிவித்தபோது ஊர் கலங்கியிருக்கிறது. 2020-இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது பழைய மான்வர்ஸ் குடும்பத்தின் வழியில் வந்த அதே பண்ணை. விற்பனையில் திறந்த வயல் முறையைத் தொடர வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்திருக்கிறது.

"கட்டுப்பாடு காகிதத்தில் இருக்கும். பையன்கள் வயலுக்கு வருவார்களா, அதைச் சொல்லுங்கள்" என்றார் பெரியவர். சிறு பட்டைகளில் பெரிய இயந்திரம் திரும்ப முடியாது. கோதுமை விலை கைக்குக் கட்டுவதில்லை. வாடகை நிலத்தில் பிள்ளைகள் தொடர்ந்து உழைக்க வேண்டுமென்றால் வேறு வருமானமும் தேவைப்படுகிறது. தெருவில் காலியாகும் பண்ணை வீட்டுக்கு நகரத்தில் வேலை பார்க்கும் குடும்பம் வருகிறது. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் முளை அடிக்க வரமாட்டார்கள் என்றார். கவலை எனக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் இதே பேச்சைக் கேட்டுக்கேட்டு வந்தவன் நான்.

கூட்டத்தின் கடைசி வேலையாக அடுத்த ஆண்டுக்கான ஜூரிகள் உறுதிமொழி எடுத்திருந்தார்கள். இந்த ஆண்டு தரிசாகக் கிடக்கும் வயலில் அடுத்த இலையுதிர்காலத்தில் கோதுமை விதைப்பார்கள். அதை அவர்கள் நடந்து பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெரியவரின் பெயர் இல்லை, முழங்கால் விடவில்லையாம். சென்ற வாரம் அவரோடு நின்ற பையனின் பெயர் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: நியூவார்க்கிலோ ரெட்ஃபோர்டிலோ இறங்கினால் பஸ்ஸை நம்ப வேண்டாம், டாக்ஸியோ சொந்த வண்டியோ வேண்டும். மூன்று வயல்களுக்கும் நடைபாதைகள் உண்டு. பூ பார்க்க வேண்டுமென்றால் ஜூன் மாதம், புல் வெட்டுவதற்கு முன். ஜூரி நாள் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் கடைசி, முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

பட்டைகளின் மேல் மிதித்து நடக்காதீர்கள். பாதையிலேயே போங்கள். எல்லை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறார்.